'கைக்கு இவ்வளவு' என்று ஒப்பந்தம் போடாதீர்கள்: கொங்கு மண்டலத் தொழில்துறையினருக்கு ஒரு திறந்த மடல்

கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம், நாமக்கல், கரூர்த் தொழில்துறைப் பெரியோர்களுக்கு,

வணக்கம்ங்க.

நம் பகுதிக்கென்று தொழில்முறைக் கால்பந்து அணி ஒன்று மறுபடி வேண்டும் என்று உங்களில் சிலர் பேசி வருவதாகக் கேள்விப்பட்டேன். கேட்டதும் மனசு நிறைந்துபோனது. ஆனால் அந்தப் பேச்சின் கூடவே இன்னொரு பேச்சும் வந்து சேர்கிறது. "பெரிய சம்பளக்காரனுக்கு வரி நாற்பது சதவீதத்துக்கு வந்து நிக்குதுங்க. அதுல சலுகை கிடைச்சாத்தான் நல்ல ஆட்டக்காரனைக் கூட்டிட்டு வர முடியும். முதல்ல டெல்லிக்கு ஒரு மனு போடோணும்" என்கிறார்கள். அந்த மனுவை இப்போதைய வடிவில் போடாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்த மடல். அதைவிட முக்கியமாக, ஆட்டக்காரர்களோடு கையெழுத்திடப்போகும் ஒப்பந்தத்தில் 'வரி போகக் கைக்கு இவ்வளவு' என்று சம்பளத்தைக் குறிக்கும் ஒரே ஒரு வாக்கியத்தை மாற்றி எழுதுங்கள் என்று கேட்கவும்தான்.

நான் வருமான வரிக் கணக்குப் பார்த்துப் பிழைப்பவன். கால்பந்து சின்ன வயதிலிருந்து உடன் வருவது. இரண்டும் சேரும் இடத்தில் எனக்குச் சொல்லக் கொஞ்சம் இருக்கிறது.

2019 மார்ச் 9-ஐ நம்மூரில் பந்து பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கோவை நேரு ஸ்டேடியத்தில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று சென்னை சிட்டி அணி ஐ-லீக் பட்டத்தைத் தூக்கிய நாள். அணியின் பேரில் சென்னை இருந்தது. படிக்கட்டில் உட்கார்ந்து தொண்டை கட்டக் கத்தியது கோவை. அந்தப் பருவத்தில் 21 கோல் அடித்த பெத்ரோ மான்சி, நடுக்களத்தை ஆண்ட நெஸ்தோர் கொர்தியோ, கடைசி ஆட்டத்தில் இரண்டு கோல் போட்ட கௌரவ் போரா, சிங்கப்பூரிலிருந்து வந்த பயிற்சியாளர் அக்பர் நவாஸ் ஆகியோரை இன்றும் பேர் சொல்லி விசாரிப்பவர்கள் இங்கே இருக்கிறார்கள். சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப் அதே ஆண்டில் 26 சதவீதப் பங்கை வாங்கியது. 2020-21தான் அந்த அணி ஆடிய கடைசி ஐ-லீக் பருவம். பட்டம் வென்ற ஊரில் இரண்டு வருடத்தில் எல்லாம் அடங்கிப்போனது. இன்னொரு அணி வந்து அதுவும் அப்படி அடங்கினால் மூன்றாவது முறை நம் பிள்ளைகள் யாரையும் நம்பமாட்டார்கள். அதனால்தான் முன்கூட்டியே எழுதுகிறேன்.

முதலில், உயர் வருமான வரி ஒரு கிளப்பை எந்த வழியாக வந்து தொடுகிறது என்று பார்ப்போம். வரி ஆட்டக்காரருடையது, கிளப்புக்கு அதில் என்ன வலி? ஸ்பெயினிலும் இத்தாலியிலும் நட்சத்திர ஆட்டக்காரரின் ஏஜென்ட் வந்து உட்கார்ந்தால் மொத்தச் சம்பளத்தைப் பேசுவதில்லை. வரி போகக் கைக்கு எவ்வளவு என்றுதான் பேசுவார். மேலே ஏறும் வரி முழுக்கக் கிளப்பின் தலையில். இங்கேயும் அயல்நாட்டு ஆட்டக்காரர்கள் அந்தக் கணக்கைத்தான் கேட்பார்கள், கேட்கிறார்கள்.

கைக்கு 1 கோடி ரூபாய் என்று நீங்கள் ஒப்புக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். அவர் இந்தியாவில் வசிப்பவராகக் கருதப்பட்டு, 2025-26-இன் புதிய வரி முறையில் வந்தால், கிளப் போடவேண்டிய மொத்தச் சம்பளம் ஏறக்குறைய 1 கோடியே 48 லட்சம். 24 லட்சத்துக்கு மேல் 30 சதவீதம், மொத்த வருமானம் 1 கோடியைத் தாண்டியதால் வரிமேல் 15 சதவீத சர்சார்ஜ் என்ற கூடுதல் வரி, அதன்மேல் 4 சதவீத செஸ். மேசையில் கை குலுக்கும்போது எல்லோர் வாயிலும் இருப்பது 1 கோடி. மாதாமாதம் வங்கிக் கணக்கிலிருந்து போவது அதில் பாதி சேர்ந்த தொகை. மூன்று பேருக்கு இப்படி ஒப்புக்கொண்டால், நாலாவதாக இன்னொரு ஆளுக்கு ஆகும் மொத்தச் செலவை ஏறக்குறைய அப்படியே வரியாகக் கட்டுகிறீர்கள்.

"அதைத்தானே நாங்களும் சொல்கிறோம், வரியைக் குறைத்தால் அந்த 48 லட்சம் மிச்சமாகும்" என்பீர்கள். மிச்சமாகாது. ஏன் என்று திருப்பூர்க்காரர்களுக்கு நான் விளக்கவே தேவையில்லை. 2025 ஆகஸ்ட் 27 முதல் நம் சரக்குக்கு அமெரிக்கா 50 சதவீதத் தீர்வை போட்டது. சட்டப்படி அதைக் கட்ட வேண்டியவர் அங்கே இறக்குமதி செய்பவர். நடந்தது என்ன? பையர் போன் போட்டு, விலையில் இத்தனை சதவீதம் தள்ளிக்கொடு என்றார். அவரால் வங்காளதேசம் போய்க்கொள்ள முடியும், வியட்நாம் போய்க்கொள்ள முடியும். பனியன் கம்பெனிக்காரர் மெஷினையும் ஆளையும் வைத்துக்கொண்டு எங்கே போவார்? சட்டம் யார் பேரில் எழுதியிருந்தாலும், எழுந்து போக முடியாதவர் மேல்தான் பாரம் இறங்குகிறது. சலுகை வந்தாலும் அதே கணக்குத்தான்: எழுந்து போகக் கூடியவர் கைக்கே அது போய்ச் சேரும். நட்சத்திர ஆட்டக்காரருக்கு வரிச்சலுகை கொடுத்தால் அது கோவை அணிக்கு மட்டும் கிடைக்காது. கொல்கத்தா, கோவா, பெங்களூரு எல்லாம் அதே சலுகையோடு அதே ஆளைக் கேட்டு வருவார்கள். மிச்சமான தொகை போட்டியில் சம்பளமாகவே ஏறிவிடும்.

சரி, மற்ற நாடுகளோடு போட்டி போடவாவது உதவாதா? ஸ்பெயின் அப்படித்தான் முயன்றது. வெளியிலிருந்து வேலைக்கு வருபவர்களுக்கு 24 சதவீத ஒரே விகித வரி என்று 2005-இல் ஓர் ஆணை போட்டார்கள். 2003-இல் ரியல் மாட்ரிட்டுக்கு வந்த டேவிட் பெக்கம் பேரால்தான் இன்றும் அந்தச் சட்டத்தைச் சொல்கிறார்கள். 2010-இல் ஆண்டுக்கு 6 லட்சம் யூரோவுக்கு மேல் சம்பாதிப்பவர்களுக்கு அந்தச் சலுகையை நிறுத்தினார்கள். 2015 முதல் விளையாட்டு வீரர்கள் அதற்குள் புதிதாக வரவே முடியாதபடி அடைத்தார்கள். இத்தாலி 2019-இல் அயல்நாட்டிலிருந்து வரும் ஆட்டக்காரரின் சம்பளத்தில் பாதிக்கு வரி விலக்குக் கொடுத்தது. கைக்கு 50 லட்சம் யூரோ கேட்பவருக்கு 90 லட்சத்துக்கு மேல் செலவாகும் இடத்தில் சுமார் 65 லட்சத்தில் முடிந்தது. அதையும் 2024 ஜனவரியோடு நிறுத்திவிட்டார்கள். உள்ளூர்ப் பையனை வளர்ப்பதைவிட வெளியாளை வாங்குவது மலிவு என்று அரசே ஆக்கிவைத்தால் அகாடமி எதற்கு என்ற கேள்வி இத்தாலிக்குள்ளேயே எழுந்தது.

இந்தக் கேள்விக்கு ஆராய்ச்சியும் உண்டு. கிளேவன், லாந்தே, சாய்ஸ் என்ற மூன்று பொருளியல் அறிஞர்கள் 14 ஐரோப்பிய நாடுகளின் முதல்நிலை லீக் ஆட்டக்காரர்கள் 1985 முதல் எங்கிருந்து எங்கே போனார்கள் என்று முழுக்கத் தொகுத்துப் பார்த்து, 2013-இல் வெளியிட்டார்கள். 1995 டிசம்பரில் வந்த போஸ்மன் தீர்ப்புக்குப் பிறகு, ஆட்டக்காரர்கள் தடையில்லாமல் நாடு மாற முடிந்த காலத்தில், வரி குறைந்த நாட்டை நோக்கி அவர்கள் நகர்ந்தது தெளிவாகத் தெரிந்தது. ஆகவே "வரியால் ஒன்றும் ஆகாது" என்று நான் சொல்லவில்லை. ஆகிறது. ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் கண்டது: வரிச்சலுகைக்கு வந்த திறமையான ஆட்டக்காரர்கள் அதற்குக் கீழ்நிலையில் இருந்தவர்களை வெளியே தள்ளினார்கள், அயலாருக்கான சலுகை உள்நாட்டவர் இடத்தை எடுத்துக்கொண்டது. நான் நினைத்துப் பார்ப்பது அந்த வெளியே தள்ளப்பட்டவனைத்தான். வால்பாறை எஸ்டேட்டில் மேட்டிலும் பள்ளத்திலும் பந்து உதைத்துப் பழகி, பாலக்காட்டுப் பக்கம் செவன்ஸ் என்ற ஏழு பேர் கால்பந்து ஆடிச் சில நூறு ரூபாய் வாங்கி வருகிற பையன்தான் நம் ஊரில் அவன்.

களத்தில் அயல்நாட்டவர் இத்தனை பேருக்கு மேல் கூடாது என்று நம் லீக்கில் வரம்பு இருக்கிறதே, இடம் எப்படிப் பறிபோகும் என்று கேட்கலாம். இடம் பறிபோகாது. பட்ஜெட் பறிபோகும். வருஷத்துக்கு இவ்வளவுதான் என்று நீங்கள் ஒதுக்கும் பணத்தில் மூன்று பேருக்கு எடுத்து வைத்தபின் மீதிதான் மற்ற இருபது பேருக்கும், பிசியோவுக்கும், பதினாறு வயதுக்குட்பட்டோர் அணிக்கும்.

வெளிநாட்டோடு போட்டி என்பதே நமக்கு வேறு மாதிரி. சவூதியிலும் துபாயிலும் சம்பளத்துக்குத் தனிநபர் வருமான வரியே கிடையாது. இங்குள்ள 39 சதவீத உச்ச விகிதத்தை 20 ஆக்கினாலும் சுழியத்தை வெல்ல முடியாது. நம்மிடம் வந்து ஆடிய மான்சியும் கொர்தியோவும் ஸ்பெயினின் கீழ்நிலை லீக்குகளில் ஆடிக்கொண்டிருந்தவர்கள். யார் கண்ணிலும் படாத அவர்களைத் தேடிப் பிடித்து, ஒரே பாணியில் ஆடும் அணியாகப் பின்னியதால்தான் கொல்கத்தாவின் பெரிய கிளப்புகளைப் பின்னுக்குத் தள்ளிப் பட்டம் கோவைக்கு வந்தது. அந்தத் தேடலுக்குச் செலவழிக்கச் சொல்கிறேன்.

பிரான்ஸ் கதையையும் மனுவுக்கு ஆதாரமாகக் காட்டுவதாகக் கேள்விப்பட்டேன். அங்கே நடந்ததை முழுக்கச் சொல்லிவிடுகிறேன். பத்து லட்சம் யூரோவுக்கு மேற்பட்ட வருமானத்துக்கு 75 சதவீதம் என்று 2012 அதிபர் தேர்தலில் பிரான்சுவா ஒல்லாந்த் வாக்குக் கொடுத்தார். அந்த ஆண்டு டிசம்பரில் அரசியல் சாசன மன்றம் அதைச் செல்லாது என்றது. உடனே அதை ஆட்டக்காரரிடமிருந்து எடுத்து, சம்பளம் கொடுக்கும் நிறுவனத்தின் மேல் வைத்தார்கள்: பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பகுதிக்கு நிறுவனம் 50 சதவீதம் கட்ட வேண்டும், மொத்தத்தில் அது விற்றுமுதலில் 5 சதவீதத்தைத் தாண்டாது, 2013, 2014 இரண்டு ஆண்டுகளுக்கு மட்டும். கிளப்புகள் 2013 நவம்பர் கடைசியில் ஆட்டங்களையே நிறுத்தப்போவதாக அறிவித்தன, பிறகு கைவிட்டன. மொனாக்கோ கிளப் பிரெஞ்சு வரிக்கு வெளியே இருந்தது, 2013-இல்தான் முதல்நிலை லீகுக்குத் திரும்பியிருந்தது. ஃபால்காவோவையும் ஹாமேஸ் ரொத்ரிகெஸையும் வாங்கி நிறுத்தியது. அவ்வளவு சாதகம் இருந்தும் 2013-14-இல் இரண்டாம் இடம்தான். வரி கட்டிய பாரிஸ் சான் ஜெர்மான் முதலிடம். வரிக்கு முந்தைய பருவத்திலும் அவர்களே, வரி போன பிறகும் அவர்களே. 2011-இல் கத்தார் பணம் உள்ளே வந்தது முதல் அங்கே யார் மேலே, யார் கீழே என்பதைப் பெரும்பாலும் அந்தப் பணம்தான் தீர்மானித்தது. வருமான வரி விகிதம் அந்த வரிசையைக் கலைக்கவில்லை.

அப்படியானால் கிளப்பைக் கவிழ்ப்பது எது? என் தொழிலில் நான் பார்ப்பது இது: சம்பளத்தில் பிடித்த வரியை அரசுக்குக் கட்டாமல் வைத்திருப்பது.

ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் கதையை உங்கள் ஆடிட்டரிடம் கேளுங்கள். நூற்றாண்டு கடந்த கிளப். 2001 முதல் பத்தாண்டு அளவுக்கு ஆட்டக்காரர்களுக்கான தொகையில் ஒரு பகுதியை டிரஸ்ட் வழியாகக் கடன் என்ற பேரில் கொடுத்தார்கள், வரி வராது என்று எண்ணி. அது ஒரு வழக்கு. அதோடு நில்லாமல், 2011-12 பருவத்தில் சம்பளத்தில் பிடித்த வரியையும் மதிப்புக்கூட்டு வரியையும் அரசுக்குச் செலுத்தாமல் விட்டார்கள். 2012 பிப்ரவரியில் நிர்வாகம் நீதிமன்றம் நியமித்தவர்கள் கைக்குப் போனது. அந்தக் கோடையில் பழைய நிறுவனம் கலைப்புக்குப் போய், புது நிறுவனத்தின்கீழ் அணி நாலாம் நிலை லீகிலிருந்து மறுபடி ஏறி வர வேண்டியதாயிற்று. டிரஸ்ட் வழக்கில் 2017 ஜூலையில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் அது சம்பளமே, வரி உண்டு என்று தீர்ப்புச் சொன்னது. பிரிட்டனில் உயர் வருமான வரி 50 சதவீதம் இருந்த வருஷங்களில்தான் இந்த வீழ்ச்சி நடந்தது. ஆனால் அதே விகிதத்தில் வரி கட்டிய மற்ற பல கிளப்புகள் நின்றன.

இங்கே டிடிஎஸ், அதாவது சம்பளம் கொடுக்கும்போதே பிடிக்கும் வரி, எப்படி வேலை செய்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். மாதச் சம்பளத்தில் பிடித்ததை அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். மார்ச் மாதத்துக்கு மட்டும் ஏப்ரல் 30 வரை. பிடித்துவிட்டுக் கட்டாமல் வைத்தால் மாதத்துக்கு 1.5 சதவீத வட்டி. வழக்குத் தொடுத்தால் சிறை வரைக்கும் போகலாம் என்று சட்டம் சொல்கிறது, பொறுப்பு இயக்குநர் மேலும் வரும். மில்லிலோ ஃபவுண்டரியிலோ இதைத் தவறாமல் செய்கிறவர்கள் நீங்கள். கிளப்பில் நிலைமை வேறு. ஸ்பான்சர் பணம் மூன்று மாதம் தள்ளி வரும், டிக்கெட் வசூல் சொற்பம், பரிசுத்தொகை பருவம் முடிந்துதான். கையில் உடனடியாக இருக்கும் காசு அந்த டிடிஎஸ் மட்டுமே. அடுத்த ஆட்டத்துக்கு விமான டிக்கெட் போடணும் என்றதும் கை அதன்மேல்தான் போகும். 'கைக்கு இவ்வளவு' ஒப்பந்தம் அந்த ஆசையை இன்னும் பெரிதாக்குகிறது. காரணம், ஆட்டக்காரர் கைக்கு வரவேண்டியது வந்துவிட்டால் அவர் கேட்கமாட்டார். வரி பிடித்ததற்கான சான்றிதழ் வரவில்லை என்று தெரியும்போது அவர் ஊர் திரும்பியிருப்பார்.

அந்த ஒப்பந்தத்தின் இன்னொரு ஆபத்து, விகிதம் நடுவில் மாறுவது. நம் அணி பட்டம் வென்ற அதே 2019-இல், ஜூலை பட்ஜெட்டில், 2 கோடிக்கு மேல் 25 சதவீதமும் 5 கோடிக்கு மேல் 37 சதவீதமும் என்று சர்சார்ஜை ஏற்றினார்கள். அந்த நிதியாண்டின் தொடக்கம் முதலே அது பொருந்தும் என்றார்கள். உச்ச விகிதம் 35.88-லிருந்து 42.74-க்குப் போனது. 2023 ஏப்ரல் முதல் புதிய முறையில் 39-க்கு இறங்கியது. மொத்தச் சம்பளமாக ஒப்பந்தம் போட்டிருந்தால் ஏற்றமும் இறக்கமும் ஆட்டக்காரருடையது. கைக்கு என்று போட்டிருந்தால் ஒவ்வொரு பட்ஜெட்டுக்கும் கிளப் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு டிவி பார்க்க வேண்டும்.

ஒரு பருவத்துக்குள்ளேயேகூட விகிதம் மாறலாம். நிதியாண்டு ஏப்ரல் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. ஆகஸ்ட்டில் பயிற்சிக்கு வந்து மார்ச் கடைசி வரை இருக்கும் அயல்நாட்டு ஆட்டக்காரர் 182 நாளைத் தாண்டி இங்கே வசிப்பவர் ஆகிவிடுவார். அடுக்கு விகிதம் பொருந்தும். முதல் தடவையாக அக்டோபர் நடுவில் வந்து மார்ச்சில் கிளம்புபவர் ஆகமாட்டார். வசிப்பவர் அல்லாத அயல்நாட்டு விளையாட்டு வீரரின் ஆட்ட வருமானத்துக்கு 20 சதவீதம் என்று தனி ஏற்பாடும் சட்டத்தில் உண்டு. உங்கள் ஒப்பந்தம் அதற்குள் வருமா என்பதையும், அவர் நாட்டோடு நமக்குள்ள இரட்டை வரித் தவிர்ப்பு உடன்பாட்டையும் ஆடிட்டர் பார்க்க வேண்டும். காயம்பட்டு முன்கூட்டியே ஊருக்குப் போனாலும், பிளே-ஆஃப் வந்து தங்கினாலும் கணக்கு மாறும். 'கைக்கு' என்று எழுதிவிட்டால் இத்தனை மாற்றமும் உங்கள் பக்கம்.

2025-இல் இந்தியக் கால்பந்தே நின்றுபோன கதையையும் நினைவில் வையுங்கள். கூட்டமைப்புக்கும் லீகை நடத்திய நிறுவனத்துக்கும் இடையிலான வணிக உரிமை ஒப்பந்தம் 2025 டிசம்பர் 8-இல் முடிய இருந்தது. புதுப்பிப்பது எப்படி என்று தெரியாமல், ஜூலையில் இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) பருவத்தையே நிறுத்தி வைத்தார்கள். சில கிளப்புகள் முதல் அணிச் சம்பளத்தையே நிறுத்தின. நாட்டின் உச்சநிலை ஆட்டக்காரர்கள் சம்பளமில்லாமல் காத்திருந்தார்கள். அங்கே எந்த வரி விகிதமும் காரணம் இல்லை. ஒளிபரப்பும் ஸ்பான்சரும் எந்த ஆண்டு வரும், வராது என்று தெரியாத தொழிலில் நீங்கள் இறங்குகிறீர்கள். அப்படிப்பட்ட இடத்தில் நிலையான கடப்பாடுகளைக் குறைத்துக்கொள்வதுதான் முதல் வேலை.

சரி, டெல்லியிடம் கேட்க ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. கட்டாயம் கேளுங்கள்.

பந்தாட்டக்காரனின் சம்பாத்திய காலம் பத்து வருஷம், மிஞ்சினால் பதினைந்து. முழங்கால் போனால் இருபத்தாறில் முடிந்தது. வருடத்துக்கு 60 லட்சம் வீதம் பத்து ஆண்டு ஆடும் ஒருவரையும், வருடத்துக்கு 20 லட்சம் வீதம் முப்பது ஆண்டு வேலை பார்க்கும் ஓர் இன்ஜினியரையும் எடுத்துக்கொள்ளுங்கள். இருவரும் வாழ்நாளில் சம்பாதிப்பது 6 கோடி. 2025-26 விகிதமே எல்லா ஆண்டும் இருந்தால், இன்ஜினியர் மொத்தம் கட்டுவது ஏறக்குறைய 58 லட்சம். பந்தாட்டக்காரர் கட்டுவது ஏறக்குறைய 1 கோடியே 55 லட்சம். வாழ்நாள் வருமானம் ஒன்றே. வரி இரண்டரை மடங்குக்கும் மேல். உயர் வருமானத்துக்கு உயர் வரி என்ற கொள்கையை நான் முழுமனதோடு ஏற்கிறேன். ஆனால் இவர் உயர் வருமானக்காரர் அல்லர். நடுத்தர வருமானத்தைச் சின்ன காலத்துக்குள் சம்பாதித்து முடித்துவிடக் கட்டாயப்பட்டவர். இந்த அநியாயம்தான் மனுவில் வர வேண்டியது.

மற்ற நாடுகளில் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். நெதர்லாந்தில் 1972 முதல் ஆட்டக்காரர்களுக்கென்று ஒரு நிதி இயங்குகிறது. ஆடும் காலத்தில் சம்பளத்தின் ஒரு பகுதி அதில் போய்ச் சேரும், ஓய்வுக்குப் பிறகு மாதாமாதம் வரும், வரியும் அப்போதுதான். அயர்லாந்தில் ஓய்வு பெறும் விளையாட்டு வீரர் தம்முடைய பத்து ஆண்டு ஆட்ட வருமானத்தில் 40 சதவீதத்தைக் கழித்து, கட்டிய வரியைத் திரும்பப் பெறலாம். ஆஸ்திரேலியாவில் ஏற்ற இறக்க வருமானமுள்ள விளையாட்டு வீரர், கலைஞர் போன்றோருக்குச் சராசரி போட்டு வரி கணக்கிடும் முறை உண்டு. நம்மிடம் என்பிஎஸ் என்ற தேசிய ஓய்வூதியத் திட்டம் இருக்கிறது. ஆனால் அது அறுபது வயதை மனத்தில் வைத்துக் கட்டியது, முப்பத்து மூன்றில் பூட்ஸைக் கழற்றுகிறவனுக்கு அது எட்டாத தூரம். முப்பத்தைந்து வயதில் மாதத் தொகை தரத் தொடங்கும் ஒரு விளையாட்டு வீரர் நிதி, போடும்போது வரி இல்லாமல், எடுக்கும்போது வரியோடு. இதைக் கேட்டால் அரசுக்குப் போகும் வரி பெரும்பாலும் தள்ளித்தான் போகும். பயன் நட்சத்திரத்துக்கு மட்டும் சேராது, சோமனூர் விசைத்தறி வீட்டிலிருந்து வந்து ஐஎஸ்எல் வரை ஏறப்போகும் பையனுக்கும் சேரும். கபடி, ஹாக்கி, தடகளம் எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்பதால் உங்கள் மனுவோடு பலரும் கைகோப்பார்கள்.

இரண்டாம் நிலை லீகில் ஆடப்போகும் உள்ளூர்ப் பையன்களுக்கு இன்றைய வரியே பாரமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 12 லட்சத்து 75 ஆயிரம் வரை ஆண்டுச் சம்பளம் வாங்குகிறவருக்குப் புதிய முறையில் வரி சுழியம். சர்சார்ஜ் தொடங்குவதே 50 லட்சத்துக்கு மேல். உங்கள் இருபத்தைந்து பேர் பட்டியலில் அந்தக் கோட்டைத் தாண்டுபவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அந்தச் சிலருக்காக ஒரு மண்டலமே டெல்லி வாசலில் நிற்பதா?

பணத்தைப் போடும் வழியைப் பற்றிச் சுருக்கமாக. கம்பெனிச் சட்டப்படி நீங்கள் ஒதுக்கும் 2 சதவீத சமூகப் பொறுப்பு நிதியில் ஊரக விளையாட்டுக்கும் தேசிய அங்கீகாரம் பெற்ற விளையாட்டுக்கும் பயிற்சி கொடுப்பது அனுமதிக்கப்பட்ட வேலை. பொள்ளாச்சியிலோ பெருந்துறையிலோ மேட்டுப்பாளையத்திலோ அகாடமி நடத்த அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஜெர்சியில் கம்பெனிப் பேரைப் போட்டு விளம்பரம் தேடும் ஸ்பான்சர் தொகையை அந்தக் கணக்கில் எழுத முடியாது. அதை விளம்பரச் செலவாக வியாபாரக் கணக்கிலேயே வையுங்கள். இரண்டையும் ஒரே பையில் போட்டுக் கலக்கவே கூடாது. நாச்சிமுத்து கவுண்டர் கோப்பை என்று கூடைப்பந்துக்கு ஒரு மரபையே இந்த ஊர் வளர்த்திருக்கிறது. செட்டிப்பாளையத்தில் கார் பந்தயத் தடம் போட்டிருக்கிறது. விளையாட்டுக்குக் கொடுக்கும் கை இங்கே புதிதல்ல.

ஆகவே நான் கேட்பது: ஆட்டக்காரர் யாராக இருந்தாலும், எந்த நாட்டிலிருந்து வந்தாலும், மொத்தச் சம்பளத்தைத்தான் ஒப்பந்தத்தில் எழுதுங்கள். அதன் பக்கத்திலேயே இன்றைய விகிதப்படி கைக்கு எவ்வளவு வரும் என்ற உத்தேசக் கணக்கைத் தனித்தாளில் அவருடைய மொழியில் கொடுங்கள். ஏமாந்தோம் என்று யாரும் பின்னால் சொல்லக்கூடாது. ஏஜென்ட் எழுந்து போனால் போகட்டும், அடுத்தவர் வருவார். டிடிஎஸ் தொகைக்குத் தனி வங்கிக் கணக்கு தொடங்குங்கள். அதிலிருந்து வரித்துறைக்குத் தவிர வேறு எங்கும் காசோலை போகாது என்று முதல் போர்டு கூட்டத்திலேயே தீர்மானம் போடுங்கள். ஒவ்வொரு காலாண்டும் கட்டிய விவரத்தை ஆட்டக்காரர்களின் ஓய்வறையில் ஒட்டுங்கள். அயல்நாட்டவர் மூவருக்கு ஆகும் மொத்தச் செலவைவிட அகாடமிக்கு ஒதுக்கும் தொகை குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டெல்லிக்குப் போடும் மனுவில் உச்ச விகிதத்தை விட்டுவிட்டு, குறுகிய கால வருமானத்தைப் பரப்பிக் கட்டும் வசதியைக் கேளுங்கள்.

ஒப்பந்த மாதிரி தயாரானதும் இந்த ஊரில் கணக்குத் தெரிந்த பலபேர் காசு வாங்காமல் உட்கார்ந்து படித்துக் கொடுப்போம். நானும் வருகிறேன். சீசன் தொடங்கும் முன் சொல்லியனுப்புங்கள். செப்டம்பர் முழுக்க எங்களுக்கு டேக்ஸ் ஆடிட் வேலை இருக்கும், அதற்கு முன்னால் என்றால் நல்லது.

அன்புடன்,
வருமான வரிக் கணக்குப் பார்க்கும் ஒரு கால்பந்து ரசிகன்,
கோயம்புத்தூர்